என் தங்கையின் குரலில் நான் பேசியது

டேப் ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் பதிவாகும் என்பது தெரிந்த வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன அப்பாக்களுக்குக் கடிதத்தோடு கேசட்டிலும் பேசி அனுப்பிய குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. ‘அங்கே எல்லோரும் சௌக்கியமா?’ என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்தவர்கள் நாம். எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு கேசட்டில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை என் கணவரிடம்கூட இதுநாள்வரை சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தங்கைக்கு ஆறு. ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். அப்பா மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை.

தங்கைக்குக் காது நன்றாகக் கேட்கும். பால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடிவிடுவாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளிடம் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. அவற்றையும் யாரிடமும் சொல்ல மாட்டாள், சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பசித்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோற்றுப் பானையின் மூடிமேல் என் கையை வைப்பாள். என் முகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். என் கை அவளுக்கு ஒரு கரண்டி மாதிரி.

“எங்க சித்தப்பாவும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலை. அப்புறம் பேச்சாலயே ஊரை வித்துட்டு வந்தாரு. விடு, தானா வரும்” என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ‘ஊமைச்சி அக்கா’. அந்தப் பெயருக்குப் பயந்து, கடைத்தெருவில் அவளைவிடப் பத்தடி முன்னால் நடப்பேன். யாராவது குனிந்து அவளிடம் “பாப்பா பேரு என்ன?” என்று கேட்டால், அவர்கள் வாய் மூடுவதற்குள் நான் பதிலைச் சொல்லிவிடுவேன். என்ன சாப்பிட்டாள், என்ன வேண்டும், ஏன் அழுகிறாள், எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். அம்மா அதைப் பாசம் என்று நினைத்தாள். கேள்விக்குப் பிறகு வரும் அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்த சமயம், அம்மா துணிந்து அவளைத் தஞ்சாவூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். காதில் குறையில்லை என்று சொல்லி, மாடிக்கு அனுப்பினார் அவர். மாடியில் சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து ஒரு பெண் வருவார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். நாங்கள் ‘பேச்சு டீச்சர்’ என்றோம். அன்று முதல் எங்கள் சனிக்கிழமைகள் பஸ்ஸில் போயின. வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பாலம் வரும்போதெல்லாம் பஸ்ஸின் சத்தம் மாறும். தங்கை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துச் சிரிப்பாள்.

மாடி அறையில் ஒரு கோரைப்பாய், ஒரு மர பீரோ. கீழே டாக்டர் அறையை ஒட்டிக் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை. வறுத்த வாசனை தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பேச்சு டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். படிப்புச் சொல்லித்தருவது போல ‘அ சொல்லு, ஆ சொல்லு’ என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிஸ்கெட்டைப் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பாயின் நடுவில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

தங்கை பாட்டிலை உருட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. நேரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் திறக்கப் போனேன்.

“நீ திறக்காதம்மா” என்றார் டீச்சர்.

“அவளுக்கு பிஸ்கெட் வேணும் டீச்சர்.”

“அது எனக்கும் தெரியுது. அவ சொல்லட்டும்.”

“அவளுக்குத்தான் சொல்லத் தெரியாதே.”

“தெரியாதுன்னா நாம காத்திருக்கணும். மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு. மெதுவா எண்ணு. அவளுக்காக நீ பேசிட்டா, அவ பேச வேண்டிய தேவையே இல்லாம போயிடும்.”

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ அது நடந்தது. தங்கை பாட்டிலைப் பார்த்தாள். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். திரும்பப் பாட்டிலைப் பார்த்தாள். டீச்சர் “ஓ, திறக்கணுமா!” என்று கையைத் தட்டி மூடியைத் திருகினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பார்த்தா, அவ்வளவுதானே. அது பேசினதாகுமாங்க?”

“ஆகும்மா. முதல்தடவையா ஒரு மனுஷியைப் பார்த்துக் கேட்டிருக்கா. வார்த்தை இதுக்குப் பின்னாலதான் வரும்.”

திரும்பும் வழியில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். “இதுக்கா இவ்வளவு தூரம்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

ஆனால் மாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. தட்டை உருட்டி விளையாடும்போது நான் உருட்டி முடிக்கும்வரை தங்கை காத்திருக்கத் தொடங்கினாள். ‘நீ’ என்று சொல்லித் தட்டை என் பக்கம் தள்ளினாள். ஒருநாள் வேகவைத்த வள்ளிக்கிழங்கில் பாதியை உடைத்து என் வாய்க்கு நேரே நீட்டி ‘தின்னு’ என்றாள். இதைக் கேட்டு டீச்சர் என்னிடம் சொன்னார்: “இவளா ஒரு கேள்வி கேக்கணும். யாருக்கிட்டயாவது, எதையாவது. அது வந்துட்டா நான் நிம்மதியா இருப்பேன். அன்னிக்கு என்ன கேட்டா, எப்படிக் கேட்டான்னு மறக்காம வந்து எனக்குச் சொல்லணும். உன்னைத்தான் நம்பியிருக்கேன்.”

நம்பியிருக்கிறேன் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல்தடவை.

ஐப்பசியில் அப்பாவிடமிருந்து கேசட் வந்தது. லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவு முடியும் தறுவாயில்தான் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா முன்பே அனுப்பியிருந்த டேப் ரெக்கார்டரை முக்காலியில் வைத்து, அம்மா தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவின் குரல் வந்தது. இருமல் வந்தது. பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம். “சின்னவ பேசறாளா? அவ குரலை அனுப்பு. இங்க ரூம்ல பத்துப் பேரும் ஒண்ணா உக்காந்துதான் கேசட் கேப்போம். எல்லாரோட பிள்ளைங்களும் பேசுதுங்க” என்றார் அப்பா. தங்கை எழுந்துபோய் ரெக்கார்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். வலைப்பகுதியில் விரலை வைத்துத் தடவினாள்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர் மறுநாள் காலையில் திரும்பிப் போகிறார். அதற்குள் பதில் கேசட் கொடுத்தாக வேண்டும். வெளியே அடைமழை. மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா பேச ஆரம்பித்தாள். கடிதம் மாதிரியே பேசினாள்: “இப்பவும் இங்க எல்லாரும் நலம்.” பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த ஒரு பாட்டை நான் பாடினேன். பிறகு தங்கையை முன்னால் உட்கார வைத்தோம்.

“அப்பான்னு சொல்லு. அப்பா எப்ப வருவீங்கன்னு கேளு. சொல்லுடி செல்லம்.”

அவள் சொல்லவில்லை. அம்மா கெஞ்சினாள். வெல்லக்கட்டி காட்டினாள். கடைசியில் தொடையில் கிள்ளினாள். தங்கை அழக்கூட இல்லை. அம்மாதான் அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நானும் தங்கையும் மட்டும் இருந்தோம். நான் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். பத்து வரை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஓட்டில் மழை விழும் சத்தம். கேசட்டின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தங்கை ரெக்கார்டரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள்.

“அப்பா... உய்ய?” என்றாள்.

உள்ளே என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அப்பா இதற்குள்ளே இருக்கிறாரா என்று என்னைக் கேட்டாள். கடைசியில் குரலை உயர்த்தி, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கேள்விதான். எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. நான் செய்தது என்ன? அவளுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டேன். மூக்கால் பேசுவது போல, நாக்குத் தடித்தது போல, ஆறு வயதுப் பிள்ளையின் குரலாகவே அது இல்லை. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் சிரிப்பார். அப்பா தலையைக் குனிவார். ஊமைச்சி அப்பா.

மறுபடி பின்னால் ஓட்டினேன். அவள் குரல் இருந்த இடத்தின் மேலேயே, என் குரலைச் சின்னதாக்கிக்கொண்டு பேசினேன். “அப்பா, நான் நல்லா பேசறேன். அம்மா சொன்னதைக் கேக்கறேன். சீக்கிரம் வாங்கப்பா. எனக்கு செவப்பு கவுன் வாங்கிட்டு வாங்க.” தங்கை என் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வந்ததும் போட்டுக் காட்டினேன்.

“அவளா? அவளா பேசினா?”

“ஆமாம்மா. நீ அந்தாண்ட போனப்புறம்.”

அம்மா அதை மூன்று முறை கேட்டாள். பெற்ற பெண்ணின் குரல் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்று அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் முத்தமிட்டாள். தங்கை திமிறிக்கொண்டு ரெக்கார்டரிடம் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மாடி அறைக்குள் நுழையும்போதே அம்மா சொல்லிவிட்டாள். “டீச்சர், இவ கேசட்டுல நாலு வரி பேசிட்டா!”

டீச்சர் என்னைப் பார்த்தார். “நாலு வரியா? நீ கூட இருந்தியா?”

“இருந்தேன்.”

“என்ன சொன்னா?”

நான் ஒப்பித்தேன். டீச்சர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். “கேள்வி ஏதாவது கேட்டாளா?” என்றார்.

கேட்டாள் என்றால் எப்போது என்பார். எங்கே என்பார். எல்லாம் வெளியே வந்துவிடும். “இல்லை டீச்சர்” என்றேன்.

“நிஜமாத்தானே?”

“நிஜம்.”

அவர் என்னை நம்பினார். வீட்டில் பேசுகிறவள் இங்கே பேச மாட்டேன் என்கிறாள், இது வேறு மாதிரிச் சிக்கல் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து வெறும் பார்வைக்கு அவர் மூடியைத் திறக்கவில்லை. ‘தா’ என்று ஒற்றைச் சொல் சொன்னாலும் திறக்கவில்லை. “வீட்ல சொன்ன மாதிரி சொல்லும்மா. முழுசா சொல்லு” என்று கேட்டார். தங்கை முதலில் டீச்சர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். அது பலிக்காது என்று தெரிந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மூன்று சனிக்கிழமை அப்படியே போயிற்று. நான் சுவரோரம் உட்கார்ந்து காப்பிக்கொட்டை வாசனையை முகர்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கார்த்திகையில் அப்பாவின் கடிதம் வந்தது. ரூமில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம். ‘அதான் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாளே, மழையில் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். பொங்கலுக்கு நான் வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன்’ என்று எழுதியிருந்தார். அம்மாவும் அலைந்து களைத்திருந்தாள். நாங்கள் போவதை நிறுத்தினோம்.

அறுவடை ஆரம்பித்திருந்த ஒரு காலையில் அப்பா வந்து இறங்கினார். தெருவே கூடியிருந்தது. அப்பா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது சிவப்பு கவுனைத்தான். முட்டி போட்டு உட்கார்ந்து அதை நீட்டினார்.

“நீ கேட்டது இதுதானே? அப்பா வந்துட்டேன் பாரு. பேசும்மா.”

தங்கை அவரைப் பார்க்கவில்லை. மூன்றரை வயதில் பார்த்த மனிதர் அவளுக்கு நினைவில் இல்லை. அவர் குரல்தான் நினைவில் இருந்தது. அந்தக் குரல் கேட்டதும் கூடத்துக்கு ஓடி, முக்காலிமேல் இருந்த ரெக்கார்டரில் கையை வைத்து, “அப்பா உய்ய” என்றாள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கேட்டார். “கேசட்ல பேசினது யாரு?”

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவின் அந்தப் பார்வையில் ஒரு கதவு திறந்திருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அப்பா அடித்திருப்பார். ஒரு நாள் அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

“அவதாம்ப்பா” என்றேன். “எல்லாம் தெரியும் அவளுக்கு. இப்ப வேணும்னே பேச மாட்டேங்கறா.”

வேணும்னே. அந்த ஒரு சொல்லை நான்தான் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

அப்பாவுக்கு நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் தங்கையின் வீம்பை உடைப்பதுதான் அவருக்கு வேலை. கெட்ட மனிதர் இல்லை அவர். பேசத் தெரிந்த பிள்ளை தன்னிடம் மட்டும் பேச மறுக்கிறது என்று நம்பிய தகப்பன். தட்டில் சோறு போட்டு உயரத்தில் வைத்துக்கொண்டு, “சோறு வேணும்னு சொல்லு” என்பார். அவள் தட்டைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். மாடி அறையில் கற்ற அந்தப் பார்வை. அது கேள்வி என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். “முறைக்கிறா பாரு” என்று அப்பா ஓங்கி அறைவார். பத்துப் பதினைந்து நாளில் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். ‘நீ’ போயிற்று. ‘தின்னு’ போயிற்று. தட்டை உருட்டினால் எழுந்து போய்விடுவாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அப்பா திரும்பிப் போன பிறகு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தார்கள். “வீம்புங்க, அடிச்சுச் சொல்லிக் குடுங்க” என்று பெரியப்பா வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் அடுத்த வகுப்பறையில்தான் இருந்தேன். பிரம்புச் சத்தம் கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா மறுபடி அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனபோது பேச்சு டீச்சர் கல்யாணமாகி வடக்கே போய்விட்டிருந்தார். அங்கேயும் இங்கேயும் அலைந்து, ஒன்பது வயதுக்கு மேல் தங்கை மெல்ல மெல்லப் பேசினாள். ஒரு கேள்வி கேட்க அவளுக்குப் பதினோரு வயது ஆயிற்று. நான் அந்தக் காரியத்தைச் செய்த வயது.

இன்று அவள் பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, தென்னந்தோப்பும் பேரனுமாக இருக்கிறாள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள். போனில் புதிதாகப் பேசுகிறவர்கள் கோபக்காரி என்று நினைப்பார்கள். அப்பா இருந்தவரை, அவர் வீட்டுக்கு வந்தால் சோறு போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். அவரும் அவளிடம் பேச மாட்டார்.

போன வருஷம் அப்பா படுத்த படுக்கையாக எங்கள் வீட்டில் இருந்தார். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவராகச் சொன்னார். “சின்னவளை நான் அவ்வளவு அடிச்சிருக்கக் கூடாதும்மா. ஆனா என்ன வீம்பு, அந்த வயசுலயே.” கரண்டி என் கையில் இருந்தது. வாயைத் துடைத்துவிட்டேன். “அதையெல்லாம் இப்ப எதுக்குப்பா” என்றேன். பதினெட்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் பொறுத்து நான் பேராவூரணிக்குப் போனேன். தங்கை பின்கட்டில் கொப்பரைக்கு உடைத்த தேங்காய்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, பரப்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது, பேசியது, டீச்சரிடம் சொன்ன பொய், ‘வேணும்னே’ என்றது, கடைசியில் கஞ்சிக் கரண்டியோடு வாயை மூடிக்கொண்டது. அவள் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. நான் முடித்த பிறகு கூடையில் மிச்சமிருந்ததையும் பரப்பி முடித்தாள்.

“கேசட்டு எனக்கு ஞாபகம் இல்லை” என்றாள். “அடி ஞாபகம் இருக்கு.”

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

“அப்பாகிட்ட சொன்னியா இதை?”

“இல்லை.”

அவள் ஒரு தேங்காயைக் கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவள் போல அதையே பார்த்தாள்.

“அவரு சாகறப்போ நான் வரலை” என்றாள். “நீ போன் பண்ணே. வரணும்னு தோணலை. அவ்வளவு கோவம். நாப்பது வருஷமா.” தேங்காயைக் கீழே வைத்தாள். “தப்பான ஆளு மேல.”

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அந்தச் சொல்லை அவள் முன்னால் எடுக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பேரன் ஏதோ கேட்டான், அவனுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் குரல் கேட்டது. எனக்குக் காப்பி வந்தது. மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள்.

எப்போது போனாலும் பஸ் கிளம்பும்வரை கீழே நின்று கையாட்டுவாள் தங்கை. அன்று நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.